சூலம் அக்கா மேற்கே போன வெள்ளிக்கிழமை

லண்டனில் இருக்கிற இவ்வளவு சனத்திலும், தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பது எந்த நேரமும் தெரிந்த ஒரே மனிசி எங்கள் சூலம் அக்காதான். பல்லுக் கட்டும் டாக்டர் கதிரையைச் சாய்த்து, வாய்க்குள் இரும்பை விட்டுக் குடைந்துகொண்டு இருக்கும்போதுகூட, "தலை தெற்கை இருக்குது, பரவாயில்லை" என்று கையால் சைகை காட்டியவர்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. லண்டனின் கிழக்கே நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கில் அது அவருடைய மகளுக்கும் கவுன்சிலுக்கும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் சூலம் அக்கா. பஞ்சாங்கத்தில் கிழமைக்கு ஒரு திசையில் சூலம் என்று போட்டிருக்கும். அன்றைக்கு அந்தத் திசை நோக்கிப் பயணம் புறப்பட்டால் காரியம் கெடும் என்பார்கள். திங்களும் சனியும் கிழக்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. ஊரில் இதைக் கலியாணம், காணி, கப்பல் என்று பெரிய அலுவல்களுக்குத்தான் பார்ப்பார்கள். அக்கா பால் வாங்கப் போவதற்கும் பார்ப்பார்.

முருகன் கோயில் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் மேற்கே. வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போகாமலும் இருக்க முடியாது, மேற்கே நடக்கவும் முடியாது. அக்கா என்ன செய்வார்? பஸ் ஏறுவார். கோயிலைத் தாண்டி இரண்டு தரிப்பு போய் இறங்கி, கிழக்கைப் பார்த்துத் திரும்பி நடந்து வருவார்.

"பஸ்ஸும் மேற்காலதானே போகுது அக்கா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"போறது பஸ். நான் இருக்கிறன். பஸ் வெள்ளைக்காரன்ர, அவனுக்கு எங்கட பஞ்சாங்கம் பொருந்தாது."

வெம்பிளியில் ஒரு சொந்தக்காரப் பெடியனுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். மேற்கே என்றபடியால் அக்கா வியாழக்கிழமையே போய்விட்டார். கலியாணம் முடிந்த இரவு திரும்பிவரக் காரில் இடம் கிடைக்கவில்லை. விடிந்தால் சனிக்கிழமை, கிழக்கே சூலம், வீட்டுக்கு வர முடியாது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் புதுக்குடித்தனம் தொடங்கிய அந்தச் சின்ன பிளாட்டின் முன்னறையில் அக்கா ஞாயிற்றுக்கிழமை வரை பாய் போட்டுப் படுத்திருந்தார். பொம்பிளைப்பிள்ளை இன்றைக்கும் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கும்.

இன்னொரு நாள் வாடகைக்கார் ஓட்டுகிற எங்கள் மினிகாப் அண்ணை ஒருவரிடம், "தம்பி, சந்தி மட்டும் ரிவேர்ஸில எடும், பிறகு நேரா ஓடலாம்" என்று சொல்லி, அந்த மனிசன் அப்படியே ஒரு தெரு நீளத்துக்குப் பின்பக்கமாக ஓட்டிப்போனதை நான் என் கண்ணால் கண்டேன்.

இந்த நாட்டில் வெயிலே இல்லையே, எப்படித் திசை பிடிக்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா கையை உயர்த்தி வீட்டுச் சுவர்களைக் காட்டினார். டிவி பார்க்கிறதற்குப் பூட்டியிருக்கிற டிஷ்கள். "எல்லா டிஷ்ஷும் தென்கிழக்கைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும். ஒண்டும் பொய் சொல்லாது. எங்கட சனம் இருக்கிற தெருவில உமக்கு வழி தவறவே தவறாது, பிள்ளை." எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னைப் பிள்ளை என்று கூப்பிட இந்த நாட்டில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீசில் என் பெயரை மட்டும் எழுதுவேன், அதுவும் ஒரே இழுவையில். ஆனால் என் மனிசன் போன பிறகு என் வீட்டை நானே பார்த்து, என் சமையலை நானே சமைத்து, ஒருவருக்கும் கைநீட்டாமல் இருக்கிறவள். போர்டு வாசிக்கத் தெரியாவிட்டாலும், பச்சைக் கதவு, மீன்கடை மணம், மூலையில் சாய்ந்த மரம் என்று அடையாளம் பிடித்து எங்கேயும் போய்வருவேன். ஒரே ஒரு தரம் பஸ்ஸில் நித்திரையாகி டிப்போவில் போய் இறங்கிவிட்டேன். இறங்கினால் எல்லாக் கதவும் பச்சை. மகன் மில்ரன் கீன்ஸில் இருந்து வேலையை விட்டு ஓடிவந்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். "அம்மா, சீரியஸா சொல்லுறன். நீங்கள் தனிய இருக்கேலாது. வீட்டைக் குடுத்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ."

மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். ஆனால் அந்த ஊரில் தெருவில் மனிதர் நடப்பதில்லை. எல்லாம் வட்டச்சந்தி. அங்கே போய் இருந்தால் நான் ஒரு சன்னலுக்குப் பின்னால் வைத்த பூச்சட்டி.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கெல்லே, டிவியில காட்டுறது? அதடிக்கு நானே போய் நிண்டு, படம் எடுத்து அனுப்பி, பொழுதுபட முதல் வீட்டை வாறன். வழி கேட்டு உனக்குப் போன் வந்துதெண்டால், அடுத்த நாளே பெட்டி கட்டுறன். வராட்டி, இந்தக் கதையை நீ இனி எடுக்கப்படாது."

"ஓகே, டீல்" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

தனியே போகவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நான் சூலம் அக்காவிடம் ஓடிப்போய் முழுக்கதையையும் சொன்னேன். முட்டாள்தனமாக வெள்ளிக்கிழமை என்று நாளைச் சொல்லியும் வைத்துவிட்டேன். அக்கா விரலை மேற்கே நீட்டினார்.

"மேற்கை," என்றார்.

"ஓம்."

"வெள்ளிக்கிழமை."

"ஓம் அக்கா. அவனுக்குச் சொல்லியாச்சு. மாத்தினால் பயந்திட்டன் எண்டு நினைப்பான்."

"சரி. பனங்கட்டி இருக்கு."

மேற்குச் சூலத்துக்கு வெல்லம் பரிகாரம். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் தோஷம் இல்லை. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அக்காவின் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை, சேலைக்கு மேல் பொங்கிய ஜாக்கெட், காலில் பேரனின் ஓட்டச் சப்பாத்து, கையில் பாண் ரொட்டி வந்த பையில் பனங்கட்டியோடு அக்கா வந்தார். பஸ்ஸில் ஏறிக் கடைசிவரை இருந்தால் போதும் என்பது திட்டம். ஆனால் கண்ணாடிக் கட்டடங்கள் தொடங்கிய இடத்தில் பஸ் நின்றது. உள்ளே ஒரு குரல் ஏதோ சொன்னது, எல்லோரும் இறங்கினார்கள். முன்னால் ஏதோ ஊர்வலமாம், றோட்டை மறித்துவிட்டார்களாம். பஸ்ஸும் இல்லை, காரும் இல்லை.

அக்கா அண்ணாந்து பார்த்தார். சுற்றிவரக் கண்ணாடி. வானம் சாம்பல். ஒரு சுவரிலும் ஒரு டிஷ்கூட இல்லை.

"என்ன பிள்ளை, இந்தச் சனம் டிவி பாக்காதே?"

அவருடைய குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கோ அடையாளம் பிடிக்க ஒரு மீன்கடைகூட இல்லை. எல்லாக் கடையும் ஒரே கோப்பிக்கடை. ஒன்றைத் தாண்டி நடந்து திரும்பினால் அதே கோப்பிக்கடை. நாங்கள்தான் நிற்கிறோமோ, கடைதான் எங்களோடு வருகிறதோ என்று எனக்குத் தலை சுற்றியது.

அக்கா கோட்டுப் போட்ட ஒரு துரையை மறித்தார். "எக்ஸ்கியூஸ் மீ. ஈஸ்ட்? வெயார் ஈஸ்ட்?"

அந்த மனிசன் நல்ல மனிசன். எங்கள் இருவரையும் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய், எதிர்ப்பக்கத் தரிப்பில், நாங்கள் வந்த பக்கத்துக்கே திரும்பிப் போகிற பஸ்ஸடியில் விட்டான்.

"கிழக்கு எங்கை எண்டு கேட்டால் இவன் எங்களை வீட்டை அனுப்பப் பாக்கிறான்," என்று அக்கா கொதித்தார். "திசை கேட்டால் திசையைச் சொல்லத் தெரியாதே?"

பிறகு அவருக்கே யோசனை வந்தது. கண்ணாடிகளுக்கு நடுவில் கறுத்துப்போன பழைய தேவாலயம் ஒன்று நின்றது. "மன்னார் வேதக்கார ஆக்கள் சொல்லுறவை, பழைய கோயிலுகளில பூசை மேசை கிழக்குப் பக்கம்தானாம். வாரும்." உள்ளே போனோம். யாரோ பியானோ வாசித்துக்கொண்டு இருந்தார்கள், சனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. அக்கா நடுவழியில் நின்று மேசையைப் பார்த்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, வடக்கு இது, தெற்கு இது என்று அளந்தார். பக்தியில் நிற்கிறார் என்று நினைத்து ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார், நான் போய்க் குந்தினேன்.

இங்கேதான் சட்டத்தின் மற்றப் பிரிவு வெளியில் வந்தது. ஒரு துண்டு பனங்கட்டி ஒரு புறப்பாட்டுக்குத்தான் காணும். இடையில் எங்கேயாவது குந்தினால் அந்தப் பயணம் முடிந்துபோயிற்று. எழும்பினால் அது புதுப் பயணம், புதுத் துண்டு போடவேண்டும். எனக்கு முழங்கால் வருத்தம். கண்ட வாங்குப் பலகையிலெல்லாம் குந்துகிறவள் நான். நான் குந்தக் குந்த அக்காவுக்கும் எனக்கும் ஒவ்வொரு துண்டு.

"பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம். நீர் இப்பிடிக் குந்திக்கொண்டு போனால் நான் மணிக்கூட்டடிக்குப் போகமாட்டன், ஆஸ்பத்திரிக்குத்தான் போவன்."

"அப்ப நீங்கள் தின்னாதேங்கோவன். நான் மட்டும் தின்னுறன்."

"உமக்குச் சூலம் இல்லை, எனக்குச் சூலம் எண்டால் நாங்கள் ரெண்டுபேரும் எப்பிடி ஒண்டாப் போறது?"

மேற்கும் தெற்குமாக நடந்து ஆற்றங்கரையைப் பிடித்தபோது பை காலி. மணிக்கூடு இருப்பது இன்னும் மேற்கே. ஆற்றைப் பார்த்தபடி ஒரு வாங்கில் குந்தியிருந்தோம். எழும்ப வழியில்லை. எனக்கு மில்ரன் கீன்ஸ் வட்டச்சந்திகள் ஒவ்வொன்றாய்க் கண்ணில் வந்தன.

அக்கா திடீரென்று எழும்பி, கிழக்கைப் பார்த்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்தார். பிறகு மற்றக் காலை.

"முகம் கிழக்கை. அப்ப நான் கிழக்கு நோக்கித்தான் போறன். கால் எங்க போகுதெண்டு சூலம் பாக்காது. நீர் முன்னால நிண்டு என்ர கையைப் பிடிச்சு, ஆக்கள் வந்தால் சொல்லும்."

"அப்ப நான் மேற்காலயெல்லே நடக்கிறன்?"

"நீர் என்னைத் தள்ளுறீர். அது வேலை. பயணம் இல்லை."

லண்டன் மாநகரின் நடுவில், ஆற்றங்கரை நெடுக, பட்டுச்சேலை கட்டிய ஒரு மனிசி பின்பக்கமாக நடக்க, நான் அவர் இரண்டு கையையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். ஒரு சீனத்துக் கிழவர் மட்டும் எங்களைக் கண்டு முகம் மலர்ந்து, தானும் திரும்பி, அக்காவுக்குப் பக்கத்தில் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். அவர்கள் ஊரில் அது உடற்பயிற்சியாம் என்று பின்னர் அறிந்தேன். அப்போது எனக்கு விளங்கவில்லை.

"இவருக்கும் சூலமோ?" என்று கேட்டேன்.

"சீனத்துப் பஞ்சாங்கமும் எங்கட மாதிரித்தான் போல," என்றார் அக்கா, மிகுந்த மரியாதையோடு அவருக்குத் தலையசைத்து. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நல்ல சிநேகிதமாகி, ஒரு பாலத்தடியில் கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

கொஞ்சம் போக ஒரு கட்டடத்தின் உச்சியில் பெரிய மணிக்கூடு தெரிந்தது. நான் துள்ளினேன். அதன் கீழே நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினோம். உடனே அவனுடைய குரல் வந்தது. "அம்மா, உது வேற மணிக்கூடு! நீங்கள் எங்க நிக்கிறியள்? துலைஞ்சிட்டியளோ? நான் வரட்டோ?"

"ஒருத்தரும் துலையேல்லை!" என்று போனுக்குள் கத்தி அனுப்பினேன். "நாங்கள் மணிக்கூடு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு வாறம்!"

ஒரு ஊரில் எத்தனை மணிக்கூடுதான் வைப்பார்கள்?

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஆறே வளைந்தது. அக்கா மூக்கை உயர்த்தி, "இப்ப தெற்கு! இனி நேரா நடக்கலாம்!" என்று கூவி முன்பக்கம் திரும்பி நடந்த நடை இருக்கிறதே, ராணி நடை. அந்தக் கோபுரமும் வந்தது. ஒரு ஸ்பானியப் பிள்ளை படம் எடுத்துத் தந்தது. படத்தில் கோபுரத்தின் தலை இல்லை, மணிக்கூடு பாதி, அக்காவின் கண் இரண்டும் மூடியிருந்தது. ஆனால் மகன் கட்டைவிரல் படம் அனுப்பினான். என் வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்பு என் கைக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது. இனி வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். கிழக்கே. சூலமும் இல்லை.

அப்போது பார்த்து வெயில் எறித்தது. நாள் முழுக்க ஒளித்திருந்த சூரியன் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கீற்றாக வர, அக்கா, "பொறும், ஒருக்காச் சரிபாத்திட்டு வாறன்," என்று கையை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனார். இடையில் ஒரு கூட்டம், கொடி பிடித்த பெண்ணுக்குப் பின்னால் நூறு பேர். கூட்டம் கடந்தபோது அக்கா இல்லை.

நான் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். கூட்டம் விடவில்லை. பாலத்தில் ஏற்றிவிட்டது. பாலத்தின் மறுபக்கம் வந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதும் தெரியாமல், முழங்கால் இனி ஏலாது என்று ஒரு வாங்கில் குந்தினேன். கையில் போன். ஒரு பட்டன் அழுத்தினால் மகன். அழுத்தினால் வீடு போச்சு. நான் அழுத்தவில்லை. ஆனால் கண்ணீர் என்னைக் கேட்காமல் வந்துவிட்டது.

மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் வந்து குனிந்து என்னவோ கேட்டாள். நான் "நோ போன், நோ போன்" என்றேன். போன் இல்லை என்று சொல்கிறேன் என்று நினைத்தாளோ, போனை எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்தாளோ, மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, மேலே இருந்த பெயரை அழுத்தினாள். மகன் எடுத்தான். அவள் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. லொஸ்ட்.

அவ்வளவுதான், பெட்டி கட்டவேண்டியதுதான் என்று இருந்தேன். அப்போதுதான் பாலத்தால் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டச் சப்பாத்தோடு அக்கா ஓடிவந்தார். பார்த்த உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கையிலிருந்து போனைப் பறித்தார்.

"தம்பி, நான் சூலம் அக்கா கதைக்கிறன். பயப்பிடாதையும். துலைஞ்சது நான்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

"ஓம், நான்தான். உம்மட அம்மா இந்தப் பிள்ளையை மறிச்சு, என்னைத் தேடச் சொல்லிக்கொண்டு நிண்டவ. அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லை, பாவம். அம்மாவுக்கு வழி எல்லாம் தண்ணிபட்ட பாடு. அவ இல்லையெண்டால் நான் இண்டைக்கு ஆத்துக்கைதான்."

போனில் மகனின் குரல் எனக்கும் கேட்டது. "அன்ரி, உங்களுக்கோ? உங்களுக்குத் திசை தெரியாமப் போச்சோ?"

அக்கா ஆற்றைப் பார்த்தார். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. எந்தப் பக்கம் மேற்கு என்று ஒரு குழந்தைக்கும் தெரிகிற நேரம் அது.

"ஓம் தம்பி," என்றார். "தெரியாமப் போச்சு."

பஸ்ஸில் வரும்போது நான் அவர் கையை விடவில்லை. "ஏன் அக்கா அப்படிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "சத்தம் போடாதையும், தரிப்பைத் தவறவிடப்போறம்," என்றார்.

மகன் அதன் பிறகு மில்ரன் கீன்ஸ் கதையை எடுக்கவே இல்லை. ஆனால் அவன் அக்காவின் மகளுக்கு அன்றிரவே செய்தி அனுப்பிவிட்டான், அக்கறையில்தான். அடுத்த வெள்ளிக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. திசை காட்டித் திரிந்த மனிசியே துலைந்துபோனாவாம் என்று பிரசாத வரிசையில் சிரித்தார்கள். வெம்பிளிப் பொம்பிளைப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் மனம் ஆறியிருக்கும். சூலம் அக்கா என்ற பெயர் போய் இப்போது துலைஞ்ச அக்கா. முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள். அவரும் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறார். ஒருநாளும் ஒரு சொல் மறுத்துச் சொன்னதில்லை. மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன். உங்களில் யாராவது போய் அவனுக்குச் சொன்னால், நான் ஒன்றும் அறியேன்.

அக்காவின் மகள் அவருடைய பஸ் பாஸை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். தனியே வெளியில் போகக்கூடாது, வழி தெரிந்த ஆள் கூட வந்தால்தான் போகலாம் என்பது உத்தரவு. வழி தெரிந்த ஆள் நான்தான். வெள்ளிக்கிழமைகளில் போய்க் கதவைத் தட்டுவேன். மகள் பாஸை என் கையில் தந்து, "அன்ரி, அம்மாவைக் கவனமாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சந்தி வரை நான் முன்னால் நடக்கிறேன். அந்தச் சன்னல் மறைந்ததும் அக்காவை முன்னால் விட்டுவிடுகிறேன்.